வருஷக்காரர் வேய்ந்த கூரை

என் மாமனார் நோங்தோன்பாவுக்குக் கூரை வேய்வதுதான் பிழைப்பு. இரில் ஆற்றின் மேற்குக் கரையில் அவர் ஏறாத கூரை இல்லை. குட்டையான ஆள். இடது முழங்கால் சரியாக மடங்காது. ஆனால் மூங்கில் சட்டத்தில் கால் வைத்துவிட்டால் பல்லி மாதிரி ஏறுவார். மூன்று தடவை மேலிருந்து விழுந்திருக்கிறார். மூன்றாவது தடவை ஒரு கல்யாண வீட்டில், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த மீன் குழம்புப் பானைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தார். அலறிக்கொண்டு ஓடிவந்த பெண்களிடம், "குழம்பு கொட்டிடலையே?" என்றுதான் முதலில் கேட்டாராம். அந்தக் கதையை எங்கள் பக்கத்தில் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். அவர் பெயரைச் சொன்னாலே சிரிப்பு வரும் காலம் அது.

ஒவ்வொரு வருஷமும் முதல் மாதமான சஜிபு பிறக்கும்போது காங்லா அரண்மனையில் ஓர் ஆளைப் பொறுக்கி எடுப்பார்கள். அந்த வருஷத்தில் அரசருக்கும் நாட்டுக்கும் வரவேண்டிய நோய், பழி, சாவு எல்லாவற்றையும் தன் மேல் வாங்கிக்கொள்வதாக அவர் சபையில் சொல்ல வேண்டும். பதிலுக்கு அந்த வருஷத்துக்கு அவர் பெயரையே வைத்துவிடுவார்கள். அரண்மனை ஏட்டிலும் அந்தப் பெயரில்தான் எழுதுவார்கள். வருஷக்காரர் என்று நாங்கள் சொல்வோம்.

நோங்தோன்பாவைத் தேடி அரண்மனை ஆள் வந்த அன்று நானும் அவரும் ஊழிய வேலையில் இருந்தோம். நாற்பது நாளைக்குப் பத்து நாள் அரசருக்கு உழைக்க வேண்டும். அந்தத் தடவை ஆற்றைத் தூர்வாரும் வேலை. இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தோம்.

"கூரை வேயற நோங்தோன்பா இங்க யாருய்யா?" என்று கரையிலிருந்து கேட்டான் வந்தவன்.

"மேல இருந்தாத்தான் நான் நோங்தோன்பா. இப்ப வெறும் எருமை" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். வந்தவன் சிரிக்கவில்லை. அவர் பிறந்த நாளும் அரசர் பிறந்த நாளும் பொருந்தி வருவதாகப் பண்டிதர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்றான். சம்மதமா என்று கேட்டான். கேட்டானே தவிர, மறுக்கலாம் என்று அவன் குரலில் இல்லை.

அவர் மனைவி லெம்பிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெருவே கேட்கும்படி கத்தினாள். "ஊர்ப் பீடையை எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு வந்து வாசல்ல இறக்கப் போறியே, உனக்குப் புத்தி இருக்காய்யா?"

"இனிமே சேத்துல நிக்க வேணாம்டி. என் முழங்காலைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு. வயலும் ஒண்ணு தராங்க. போன வருஷக்காரர் செல்லுங்பா என்ன, செத்தா போயிட்டாரு?"

"சாகலை. அந்த மனுஷன் அப்புறம் சிரிச்சு நீ பாத்தியா?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். உள்ளே தறியில் உட்கார்ந்திருந்த அவர்கள் மகள் ததோய் மட்டும், "அப்பா பேருல ஒரு வருஷமா! அப்ப எனக்குக் கல்யாணம் நடந்தா அப்பா வருஷத்துலதான் நடந்துதுன்னு எழுதுவாங்களா?" என்றாள். நான் வேலிக்கு வெளியே நின்று அதைக் கேட்டேன். அந்த வருஷம் முடிவதற்குள் அவளைப் பெண் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு அது நல்ல சகுனமாகத்தான் பட்டது.

சடங்கு நடந்த அன்று நானும் காங்லாவுக்குப் போனேன். அரசரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இளவயது. வாய் ஓரத்தில் ஏதோ புண், அடிக்கடி அதைத் தொட்டுக்கொண்டிருந்தார். பழைய வருஷக்காரர் செல்லுங்பா, ஒரு வருஷமாகத் தான் வைத்திருந்த வருஷக்காரர் கோலைத் தரையில் போட்டார். நோங்தோன்பா குனிந்து அதை எடுத்தார். முழங்கால் மடங்காததால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் எடுக்க முடிந்தது. பிறகு சபைக்குக் கேட்கும்படி சொன்னார். "அரசருக்கு வர்ற வியாதி என்னுது. அவரைக் குறி வெக்கிற ஈட்டி என்னுது. இந்த வருஷத்துல இந்த மண்ணுல விழற கெட்டது அத்தனையும் என்னுது." அவர் குரல் அவ்வளவு கனமாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. கோலைப் போட்ட செல்லுங்பா யாரையும் பார்க்காமல், வாசலை நோக்கி நேராக நடந்து போய்விட்டார்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூரை வேலைக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பீடை சுமக்கிறவர் ஏறிய கூரைக்குக் கீழே எப்படிப் பிள்ளைகளைத் தூங்க வைப்பது? மழைக்கு முன்னால் ஊரெல்லாம் புல் கட்டு இறங்கியது. அவர் வாசலில் உட்கார்ந்து, வேறு ஆட்கள் வேய்வதைப் பார்த்து, "அடேய், நுனி கீழ வரணும்டா, ஆடிக் காத்துக்கு அது நிக்காது" என்று கத்துவார். யாரும் திரும்ப மாட்டார்கள். அரிசியும் உப்பும் அரண்மனையிலிருந்து வந்துகொண்டிருந்தன. கைக்குத்தான் வேலை இல்லை.

மழை பிடித்த பத்தாம் நாள் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் சூடு, நான்காம் நாள் ரத்தபேதி, ஐந்தாம் நாள் ஆற்றங்கரையில் குழி. மைபா வைத்தியர்கள் ஓய்வில்லாமல் அலைந்தார்கள். எங்கள் தெருவில் முதலில் போனவன் பிதோன்னுவின் மகன் மங்லெம். பதினேழு வயது. படகுப் போட்டியில் முன்வரிசையில் துடுப்புப் போட்டவன்.

அவனைப் புதைத்த மறுநாள் பிதோன்னு நேராக நோங்தோன்பா வீட்டு மூங்கில் படலுக்கு முன் வந்து நின்றாள். ஈரத் துணியோடு நின்றாள்.

"நோங்தோன்பா! வெளிய வாய்யா. உன் வருஷத்துல என் மங்லெம் போயிட்டான். அன்னிக்கு அம்மாம் பெரிய சபையில எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னு சொன்னியே. எடுத்துக்கோ. இவனையும் எடுத்துக்கோ!"

அவர் வெளியே வந்து நின்றார். அவள் அழுது தீர்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் படகேறி வந்தார்கள். படலுக்கு முன் நின்று, செத்தவர் பெயரைச் சொல்லி, "உன் வருஷத்துல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் திட்டினார்கள். பலர் பெயரை மட்டும் சொன்னார்கள்.

"காதைப் பொத்திக்கிட்டு உள்ள கெடயேன்யா" என்பாள் லெம்பி.

"அவங்க வேற யார்கிட்டடி போய்ச் சொல்லுவாங்க?" என்பார்.

ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். வாசலில் உட்கார்ந்து புல்லைக் கையளவாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "தோம்போக், படலாண்ட யாராவது நிக்கறாங்களா பாரு" என்றார்.

மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. படல் தெரிந்தது, அதற்கப்பால் பாதை தெரிந்தது. "யாரும் இல்ல மாமா."

"மங்லெம் நிக்கறான். அவனுக்குப் பின்னால அக்கரைக் கிழவி. அதுக்கும் பின்னால ரெண்டு பேரு, புருஷன் பொண்டாட்டி. நேத்து வந்து சொல்லிட்டுப் போனாங்களே, அந்த வீட்டு ஆளுங்க." அவர் குரல் சாதாரணமாக இருந்தது. "யாராவது வந்து பேரைச் சொன்னா, மறுநாள் உச்சியில அந்த ஆளு வந்துடறான். உள்ள வர்றதில்ல. எதுவும் கேக்கறதில்ல. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாங்க. நனைஞ்சுக்கிட்டே நிக்கறாங்கடா."

"மாமா, உங்களுக்கு உடம்பு சரியில்ல. தூக்கமில்லாம..."

"தூங்கிட்டுத்தான் இருக்கேன். அது இல்ல விஷயம். முப்பது வருஷமா நான் ஆளுங்க நனையாம பாத்துக்கிட்டவன். என் வாசல்லயே இத்தனை பேரு நனையறதை எப்படிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?"

மறுநாள் முளைக்கம்பு நட ஆரம்பித்தார். வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி, ஆற்றோரம். நீளமான கொட்டகை, சுவர் இல்லை. எங்கள் வீடுகள் எல்லாம் கிழக்குப் பார்த்தவை. செத்தவர்களுக்கு என்பதால் அதை மட்டும் மேற்குப் பார்க்க வைத்தார். ஒருவரும் உதவ வரவில்லை. நான் போனேன். ததோயைப் பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம், பொய் சொல்ல மாட்டேன். நான் கீழிருந்து புல் கட்டை எறிவேன், அவர் மேலிருந்து பிடிப்பார். ஒவ்வொரு கட்டையும் வைத்துக் கட்டும்போது ஒரு பெயரைச் சொல்வார். "மங்லெம். இதை இறுக்கிக் கட்டணும், துடுப்புப் போடற பய, அசைவான்." இப்படி.

பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "யாருக்குய்யா இவ்வளவு நீள வீடு? மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரா?" என்று ஒருவன் கேட்டான்.

"என் வருஷத்து ஆளுங்களுக்கு" என்றார் மேலிருந்து.

கேட்டவன் அதற்குப் பிறகு அந்த வழியில் போகவில்லை.

கொட்டகை முடிந்த மூன்றாம் நாள் நான் அதற்குள் போய்ப் பார்த்தேன். அவர் வேய்ந்த கூரை, ஒரு சொட்டு ஒழுகாது. மேலே கைவிட்டுப் பார்த்தேன், உட்புறம் சுக்காகக் காய்ந்திருந்தது. ஆனால் கீழே தரை நனைந்திருந்தது. ஒரே சீராக இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஓர் ஆள் நின்று சொட்டினால் எவ்வளவு நனையுமோ அவ்வளவு இடம். வரிசையாக இருந்தது. நான் எண்ணவில்லை. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

சேதி காங்லாவுக்குப் போய்விட்டது. ஓர் அதிகாரி நான்கு ஈட்டிக்காரர்களோடு வந்தார். கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு நோங்தோன்பாவை வரச் சொன்னார். தெருவே கூடிவிட்டது.

"இதை யார் கட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் கட்டினேன்."

"அரசர் ஆட்சியில இத்தனை பேர் செத்தாங்கன்னு ஊருக்குக் கணக்குக் காட்டறியா? நாளைக்கு மலைநாட்டுக்காரன் வந்து பார்த்தா என்ன நினைப்பான்? பிரிச்சுப் போடு."

"பிரிச்சுடலாமுங்க" என்றார் நோங்தோன்பா. "ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இதுல நிக்கறவங்க யாரோட ஆளுங்க? அரசரோட ஆளுங்களா, என் ஆளுங்களா?"

அதிகாரி முகம் மாறியது.

"அரசரோடதுன்னு நீங்க சொன்னா, இப்பவே பிரிச்சுடறேன். அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து காங்லா வாசல்லயே விட்டுடறேன். என் ஆளுங்கன்னா, அவங்க எங்க நிக்கணும்னு நான்தானுங்களே சொல்லணும். அன்னிக்கு சபையில எல்லாம் என்னுதுன்னுதானே சொல்ல வெச்சீங்க?"

அரசருடையது என்று அதிகாரி சொன்னால், அந்தச் சாவுகள் அரசர் தலையில் ஏறும். அந்த வார்த்தையை வாயால் சொல்ல எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வராது. அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"உன்னுதுதான்னு நீயே சொல்றே. எல்லாரும் கேட்டீங்களா?"

"ஆமாங்க. ஒருத்தர் விடாம என்னுதுதான்" என்றார் நோங்தோன்பா.

ஈட்டிக்காரர்கள் திரும்பிப் போனார்கள். பிதோன்னு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லெம்பி மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "வாயால வரவழைக்கிறான் பாரு" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

இரண்டு நாள் கழித்துத் ததோய்க்குச் சூடு ஏறியது.

நான்காம் நாள் ரத்தம் கண்டது. மைபா வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் வாசலிலேயே கிடந்தேன், உள்ளே போகும் உரிமை எனக்கு இன்னும் வரவில்லை. மறுநாள் மதியம் மழை ஓய்வில்லாமல் கொட்டியது. உள்ளே லெம்பியின் குரல் திடீரென்று உடைந்தது. புருஷனின் மேல்துணியைப் பிடித்து உலுக்கி அவள் கத்தினாள்.

"உன் வருஷத்துலதான்யா! உன் வருஷத்துலதான் என் பொண்ணும் போறா! ததோய் போறாய்யா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நோங்தோன்பா எழுந்தார். கொட்டும் மழையில் ஓட முடியாத காலோடு ஓடினார். நான் பின்னால் போனேன். "நீ வராதே, அங்கயே நில்லு" என்று சைகை காட்டினார். கொட்டகைக்கு நாற்பது அடி தள்ளி நின்றேன். என் கண்ணுக்கு அது வெறும் கொட்டகை.

அவர் பார்த்ததைப் பிற்பாடு என்னிடம் சொன்னார். எல்லோரும் வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்றார்கள். வரிசையின் ஓரத்தில், மங்லெமுக்குப் பக்கத்தில், ததோய் நின்றாளாம். மற்றவர்கள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தலைமுடி காய்ந்திருந்தது. இடுப்பில் சுற்றிய பனேக் துணியிலும் ஈரம் இல்லை.

எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும்தான். கோபித்துக்கொள்ளும் அப்பன் குரல்.

"ஏய், நீ இங்க என்ன பண்றே? உன்னை யாரு வரச் சொன்னது? தறியில பாவு பாதியில கெடக்கு. நடடி வீட்டுக்கு."

பிறகு திரும்பினார். பயத்திலோ நோயிலோ உடம்பை விட்டு விலகிய உயிரைக் கூப்பிட்டு வருவது எங்கள் வழக்கம். பெயரைச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். வீட்டு வாசல் தாண்டும் வரை பின்னால் பார்க்கக் கூடாது. பார்த்தால் உயிர் நின்றுவிடும். அவர் என்னைத் தாண்டி நடந்தார். "ததோய், வா. ததோய், வீட்டுக்கு வா." முகத்தில் வழிந்தது மழையா என்னவென்று சொல்ல முடியாது. நான் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கால்தடம் தெரிந்தது. அதில் தண்ணீர் நிறைவதற்குள் அதன் மேல் இன்னொரு தடம், சின்னது, விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பல பேர் சேற்றில் நடந்து என்னைக் கடந்து போகும் சத்தம் கேட்டது.

அவருக்கும் கேட்டது. பின்னால் வருவது ஒருத்தி இல்லை என்று தெரிந்தும் அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பி மற்றவர்களைத் தடுத்தால் மகள் போய்விடுவாள். அவள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே, அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு, அவர் தன் வாசலைத் தாண்டினார்.

ததோய் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். தண்ணீர் குடித்து முடித்ததும், "ஏம்மா, வீட்டுல எதுக்கு இவ்வளவு கூட்டம்?" என்றாள்.

லெம்பி அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள்.

மறுநாள் வைத்தியர் சேதி கொண்டுவந்தார். காங்லாவிலும் அரசருக்கு அதே காய்ச்சல் வந்து, அதே மதியம் இறங்கிவிட்டதாம். அரண்மனையிலிருந்து நோங்தோன்பாவுக்குப் பட்டுத் துணி ஒன்று வந்தது. அவர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மழை விட்டதும் காய்ச்சலும் விட்டது. சஜிபு மாதம் பிறந்தது. அவர் காங்லாவுக்குப் போய்க் கோலைக் கீழே போட்டார். வேறொருவர் எடுத்தார். திரும்பி வரும் வழியில், "இனிமே போயிடுவாங்க மாமா" என்றேன் நான்.

"யாரு?"

"அவங்கதான்."

"எங்கடா போவாங்க? அடுத்த வருஷத்துக்கு வேற பேரு. அவங்களுக்கு என் பேருதானே?"

அவர் சொன்னதுதான் நடந்தது. ஊர் மெல்ல மெல்ல அவரைத் திரும்பவும் கூரைக்குக் கூப்பிட்டது. அவரும் ஏறினார். மேலே இருக்கும்போது வேடிக்கைப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தன் வீட்டுக்குள் மட்டும் மெதுவாகப் பேசுவார், யாரையோ எழுப்பிவிடாமல் இருக்கிற மாதிரி. நான் ததோயைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்கே போனேன். முதல் மாதம் எனக்குத் தூக்கம் வரவில்லை. மழை நாட்களில் தரையில் ஈரம் தெரியும். ததோய் பழந்துணியால் துடைப்பாள். சில இடங்களில் துடைக்கும்போது, "நகந்துக்கோ" என்பாள். அது எனக்குச் சொல்வதில்லை.

பதினொரு வருஷம் கழித்து, அறுவடைக்குப் பிந்தைய ஒரு காலையில், வேலைக்குப் புல் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நோய் நொடி இல்லை. ஆற்றங்கரையில், கொட்டகைக்குப் பக்கத்தில் புதைத்தோம். அந்தக் கொட்டகையை இப்போது நான்தான் வேய்கிறேன். எனக்கு அவர் கை வராது. மூலையில் ஒழுகுகிறது.

அரண்மனை ஏட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை கேட்டேன். நோங்தோன்பா வருஷத்தில் கிழக்கு வாசல் புதுப்பிக்கப்பட்டது, அரசர் நோயிலிருந்து தேறினார், யானை ஒன்று பிடிபட்டது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்றார். ததோயிடம் சொன்னேன். அவள் நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை. நாற்பத்து மூன்று பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த வீட்டுப் பிள்ளை, எதற்குப் பயப்படும், யார் பக்கத்தில் யார் நிற்பார் என்பது வரை சொன்னாள்.

போன மழையில் ஒரு வயதான பெண் ஊர் பேர் தெரியாத தூரத்திலிருந்து வந்தாள். தாழங்குடையை வெளியே வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"வருஷக்காரர் வீடு இதானேம்மா? அந்த வருஷம் என் தம்பி மலையடிவாரத்துல போயிட்டான். அப்ப என்னால வந்து சொல்ல முடியலை. பாதையெல்லாம் வெள்ளம். இப்ப சொல்லலாமா?"

ததோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த தறிக் கட்டையை அவள் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள். "பேரு என்ன?"